தரைச் சத்தம் பிடிக்காத மைக்

இருப்பதிலேயே மந்தமான மைக் எது என்று ஒரு கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று சவரிமுத்துவுக்குத் தெரியவில்லை. நல்லது எது என்று கேட்கலாம், மலிவானது எது என்று கேட்கலாம், அதற்கெல்லாம் ஊரில் வழக்கம் இருக்கிறது. காது கொஞ்சம் மந்தமான, கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிடுகிற, பெருந்தன்மையான மைக் ஒன்று கொடுங்கள் என்று கேட்க வழக்கம் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், கூரையிலிருந்து கஞ்சிராக்கள் தொங்கும் அந்த வாத்தியக் கடையில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அரை மணி நேரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். முன்னால் கண்ணாடி மேஜை. மேஜை மேல் இரண்டு மைக், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. கடைக்காரர் குணசேகரன் இரண்டையும் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தட்டை நகர்த்துகிற மாதிரி. சட்டைப் பையில் தனபால் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. நாலு வயர் செருகுகிற ரெக்கார்டிங் பெட்டி ஒன்று, மைக் இரண்டு, பாட்டுக்கு ஒன்று டிரம்ஸுக்கு ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, ஹெட்போன் ஒன்று. கடைசியில், முட்டை அட்டை என் பொறுப்பு என்று அடிக்கோடு வேறு. எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டுவதற்காகத் தனபால் ஒரு மாதமாகப் பரோட்டாக் கடை பரோட்டாக் கடையாக ஏறி இறங்கி முட்டை அட்டை சேர்க்கிறான். நூற்று இருபது அட்டை இப்போது சவரிமுத்துவின் மாடியில் வெயிலில் காய்கிறது, வீடே கோழிப் பண்ணை வாடை அடிக்கிறது. இத்தனை பேர் இத்தனை ஆசையாகக் கிளம்பியிருக்கும்போது ஒருத்தன் மட்டும் காரியம் கெட்டுப்போனால் தேவலை என்று நினைத்தால் அவன் என்ன மனுஷன். நான்தான் அந்த மனுஷன் என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டார், நினைத்தவுடன் கழுத்து வலித்தது.

பொன்மலை கோல்டன் ரிதம்ஸ் என்றால் பொன்மலையில் இன்றைக்கும் நாலு பேருக்குத் தெரியும். ரயில்வே மன்றத்து விழா, மாதா கோயில் திருவிழா, மணப்பாறை வரைக்கும் கல்யாண வரவேற்பு. தனபால் கிடார், அலாவுதீன் பாய் கீபோர்டு, சவரிமுத்து டிரம்ஸ், பாட்டு சவரிமுத்துவின் சம்சாரம் ஜெசிந்தா. இருபத்தொன்பது வருஷம். ஊரான் பாட்டை ஊருக்குப் பாடிய வருஷங்கள்தான், ஆனால் நடுநடுவே பாய் மெட்டுப் போட்ட சொந்தப் பாட்டு எட்டு இருக்கிறது, பிரியாணி பரிமாறுகிற நேரமாகப் பார்த்து யாரும் கவனிக்காதபோது நைசாக உள்ளே விட்டு வாசித்துவிடுவார்கள். அந்த எட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. தீபாவளி முடிந்ததும் தனபால் ஓசூருக்கு மகன் வீட்டோடு போகிறான், போனால் வர மாட்டான், மருமகள் அப்படி. அதற்குள் எட்டையும் பதிந்துவிட வேண்டும், ஸ்டுடியோ வேண்டாம், அங்கே போய் நின்றால் நமக்குக் கை கால் ஓடாது, சவரி வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொள்வோம் என்று பாய் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். சவரிமுத்துவும் சரி என்றார், முதல் ஆளாக, கொஞ்சம் சத்தமாகவே. நீ ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ரயில் பெட்டிக்கு வயர் இழுத்தவன், உனக்குத் தெரியாத வயரா, நீயே போய் எல்லாம் வாங்கி வா என்றான் தனபால். திருடன் கையில் சாவியைக் கொடுப்பது என்று அதற்குப் பெயர், பாவம் அவனுக்குத் தெரியாது. அல்லது தெரியுமோ. தெரிந்துதான் கொடுத்தானோ, இவனே பார்த்து இவனுக்கு எது தாங்குமோ அதை வாங்கட்டும் என்று. இந்த யோசனை வந்ததும் அவர் அதை அப்படியே வைத்துவிட்டு வெள்ளி மைக்கைப் பார்த்தார். வெள்ளி மைக் அவரைப் பார்த்தது.

இடது கை. எல்லாம் இடது கையில் வந்து நின்றது. போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவுப் பூசை முடிந்து டிரம்ஸைக் கழற்றும்போது சுண்டு விரலும் அடுத்த விரலும் மரத்துப்போயிருந்தன, பனி என்று நினைத்தார். பனி போனது, மரப்பு போகவில்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார், பட்டி போடச் சொன்னார், கனம் தூக்காதீர்கள் என்றார், டிரம்ஸ் வாசிக்கலாமா என்று கேட்டதற்கு உங்களால் முடிந்தால் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உங்களால் முடிந்தால். அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், அது கனம்தான், டாக்டர் அதைச் சொல்லவில்லை. ஸ்டிக் ஒன்று கையை விட்டு நழுவினால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம், இடுப்பில் இரண்டு சொருகி வைத்துக்கொண்டார், அதற்கு மருந்து உண்டு. தாளம் நழுவினால்? அதுதான் போன வருஷத்திலிருந்து நடக்கிறது. பல்லவி சரியாக வரும், முதல் சரணம் வரும், இரண்டாவது சரணத்தில் எங்கேயோ ஓர் இடத்தில், படிக்கட்டில் இருக்கிற படியை இல்லை என்று நினைத்துக் காலை வைக்கிற மாதிரி ஒன்று, கை ஒரு நூல் பிந்திவிடும். ஒரு நூல்தான். அதைப் பிடிக்க ஓடினால் அடுத்த நூல் முந்திவிடும். வீட்டில் ஒத்திகையில் இது தினமும் நடந்தது. தனபால் கிடாரின் கழுத்தைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே போவான், பாய் கண்ணாடியைத் துடைப்பார், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதை இருக்கிறதே, அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். ஆனால் ஒரே ஓர் அதிசயம், அதுதான் அவரை இத்தனை நாள் உட்கார வைத்தது. மேடையில் நழுவுவதில்லை. நழுவப் போகும், அப்போது எங்கிருந்தோ ஒன்று வந்து பிடித்துத் தூக்கி நேரே நிறுத்திவிடும். வேளாங்கண்ணி மாதா என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒவ்வொரு கச்சேரி முடிந்த மறுநாளும் ஒரு மெழுகுவர்த்தி, ஜெசிந்தாவுக்குக்கூடச் சொல்லாமல். மாதா மேடைக்கு வருகிறாள், வீட்டு ஹாலுக்கு வருவதில்லை, முட்டை அட்டை வாடைக்கு நிச்சயம் வர மாட்டாள். ஆகவே ஹாலில் பதிந்தால் அந்த ஒரு நூல் பதியும். எட்டுப் பாட்டிலும் பதியும். தனபால் ஓசூரில் உட்கார்ந்து பேரப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது பதிந்திருக்கும், சவரிமுத்து செத்த பிறகும் பிந்திக்கொண்டே இருக்கும்.

"அண்ணே, வெள்ளி இருக்கு பாத்தீங்களா, இது கண்டென்சர்" என்றார் குணசேகரன். "பாட்டுக்கு இதத்தான் வாங்கணும். மூச்சு விடுறதக்கூட எடுத்துரும். பக்கத்து ரூம்ல ஊசி விழுந்தா இதுல விழும்."

"ஊசி விழுறதெல்லாம் எதுக்குங்க நமக்கு?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொல்றண்ணே. அவ்வளவு சுத்தம்."

"இந்தக் கறுப்பு?"

"அது மேடையில புடிக்கிறது. வாய்க்கு நேரா வச்சாத்தான் கேக்கும், தள்ளிப் போனா ஒண்ணும் கேக்காது. கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், அதுக்கெல்லாம் சரி. வீட்டுல உக்காந்து பொறுமையா பதியுறதுக்கு இது எதுக்குண்ணே, நல்ல குரல வீணடிக்கிற மாதிரி." குணசேகரன் பெட்டி ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். "டிரம்ஸ் யாரு வாசிக்கிறா?"

"ஒருத்தர் இருக்காரு" என்றார் சவரிமுத்து.

"வயசானவரா?"

"என் வயசு இருக்கும்."

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. அவரு காதுல ஒரு ஹெட்போன மாட்டி டிக் டிக்னு ஓட விட்ருங்க. வேற யாருக்கும் கேக்காது, அவருக்கு மட்டுந்தான். தாளம் இம்மி நகராது. இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான்."

"அவரு ஒத்துக்க மாட்டாரு. அவரு பழைய ஆளு."

"பழைய ஆளுங்களே இப்படித்தாண்ணே" என்று சிரித்தார் குணசேகரன். "மெஷினுக்கு நான் வாசிக்கணுமான்னு கேப்பாங்க."

அப்படித்தான் கேட்டிருந்தார். தனபால் போன மாதம் இதையே வேறு விதமாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது, டேய் நான் கடிகாரத்துக்கு வாசிக்கிறவன் இல்லை, ஜெசி மூச்சுக்கு வாசிக்கிறவன் என்று சொல்லி அவன் வாயை அடைத்திருந்தார். நல்ல வசனம். முப்பத்தைந்து வருஷம் ஒர்க்‌ஷாப் சங்குக்கு எழுந்து சங்குக்குச் சாப்பிட்டுச் சங்குக்கு வீட்டுக்கு வந்தவன் பேசுகிற பேச்சா அது. இருந்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜெசிந்தா ஒரு வரியை எடுக்குமுன் இழுக்கிற அந்தச் சின்ன மூச்சு, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் தெரியும், தோள் அரை விரற்கடை ஏறும், அந்த ஏற்றத்தில் அவர் இறங்குவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படி. அவள் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். அந்தக் காலத்தில் மேடை ஏறுமுன் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவாள், ரயில்வே மன்றமானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி, மழைச் சேறானாலும் சரி. அவளுடைய அப்பா கோயில் பாடகர் குழுவில் பழக்கிய பழக்கம், பாடுகிற இடத்தில் செருப்பு ஆகாது. ஒரு முறை துறையூரில் மேடைப் பலகையில் ஆணி குத்தி ரத்தம் வந்தபோதும் பாட்டை முடித்துவிட்டுத்தான் காலைப் பார்த்தாள். இதெல்லாம் இப்போது எதற்கு. வாங்க வந்தது மைக். கறுப்பு மைக் இரண்டை வாங்கிக்கொண்டு, கடையில் வெள்ளி தீர்ந்துவிட்டது என்று தனபாலிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் முடிந்தது. கறுப்பு, வாய்க்கு நேராக இருப்பதை மட்டும் கேட்கும். டிரம்ஸின் மேல் ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டால் ஒரு நூல் என்ன, ஒரு கயிறு பிந்தினாலும் மழுங்கிப்போகும். பார்த்துப் பார்த்து மட்டமானதை வாங்குவதும் ஒரு வேலைதான், அதற்கும் படித்திருக்க வேண்டும். கறுப்பையே போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது செல்போன் அடித்தது. ஜெசிந்தா.

"ஏங்க, வாங்கியாச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தரைச் சத்தம் புடிக்காத மைக்கா பாத்து வாங்குங்க."

"தரையில என்ன சத்தம்?"

"இல்ல... ஹால் மொசைக் தரைல்ல. சேர் இழுப்பாங்க, எதாச்சும் பண்ணுவாங்க. நான் வேணா நிக்கிற எடத்துல பாய் விரிச்சுக்கிறேன். இருந்தாலும் கேட்டுப் பாருங்க." உள்ளே குக்கர் விசிலடித்தது. "வெயிலுக்கு முன்னால வந்துருங்க, கழுத்துப் பட்டிய மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க."

போனை வைத்தார். அவளும் மந்தமான மைக்கைத்தான் கேட்கிறாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் இப்படித்தான், புருஷனுக்கு வேண்டியதைக் கேட்காமலே கேட்கிறாள் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிம்பு குத்தியது. சேர் யார் இழுக்கப் போகிறார்கள்? பாட்டுப் பதியும்போது சேர் இழுக்க இவர்கள் என்ன குழந்தைகளா. அவள் நிற்கிற இடத்தில் எதற்குப் பாய். பாய் விரித்தால் அவள் காலுக்குக் கீழேதானே சத்தம் குறையும். அவள் காலில் என்ன சத்தம், வீட்டுக்குள் வெறுங்காலோடு நிற்கிறவள் காலில். கொலுசுகூடப் போடுவதில்லை. சரி, பெண்களுக்கு ஆயிரம் யோசனை. அவர் அதை விட்டுவிட்டார், அது அவரை விடவில்லை, சட்டையில் ஒட்டிய முள் மாதிரி கூடவே இருந்தது.

"ஒரு தடவை கேட்டே பாத்துருங்கண்ணே, கேட்டா நீங்களே வெள்ளியத்தான் எடுப்பீங்க" என்று குணசேகரன் வெள்ளி மைக்கை ஸ்டாண்டில் மாட்டி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பெட்டியில் வயரைச் செருகி ஹெட்போனை அவர் தலையில் கவிழ்த்தார். உலகம் ஒரு கணம் அடைத்துக்கொண்டது, பிறகு திறந்தது. சவரிமுத்து திடுக்கிட்டார். மேலே சுற்றுகிற மின்விசிறிக்குள் ஏதோ ஒரு திருகு தளர்ந்து கிடப்பது கேட்டது. சந்தில் ஒருத்தர் காறித் துப்பியது முகத்தின் மேல் விழுந்த மாதிரி இருந்தது. வெளியே பேருந்து நிலையத்தில் நடத்துனர் துறையூர் துறையூர் என்று கூப்பிட்டது, டீக்கடையில் கண்ணாடி டம்ளர் டம்ளரோடு உரசியது, அவருடைய மூச்சு, அவருடைய எச்சில் விழுங்கல். இரக்கமில்லாத சாமான். இதன் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதும் பங்குச் சாமியாரிடம் ஒலிபெருக்கியில் பாவசங்கீர்த்தனம் பண்ணுவதும் ஒன்று. கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கினார். அப்போது கடைப் படியில் யாரோ ஏறினார்கள், டக் டக் டக் டக் என்று நாலு எட்டு, கட்டைக் குதி வைத்த செருப்பு, சிமென்டுத் தரை. கை அப்படியே நின்றது. இந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். எங்கேயோ கேட்டது இல்லை, நன்றாகத் தெரியும், தன் பெயர் தெரிகிற மாதிரி தெரியும். நிமிர்ந்து பார்த்தார், கிடார் கம்பி கேட்டு வந்த ஏதோ ஓர் அம்மாள், தெரியாத முகம், கையில் மஞ்சப் பை. குணசேகரன் கம்பி எடுக்க உள்ளே போனார், அந்த அம்மாள் காத்து நிற்கப் பொறுமையில்லாமல் குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாள். டக். டக். டக். டக். சவரிமுத்துவின் வலது கை தொடையின் மேல் தானாக இறங்கியது, அதற்குப் பின்னால் இடது கையும், மரத்த விரல்களோடு, பிந்தாமல். மேடையில் விழப் போகும்போது பிடித்துத் தூக்குமே, அது. அதே இடத்தில், அதே மாதிரி. மாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டார், நிஜமாகவே நினைத்தார், அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே.

மாதா செருப்பா போட்டிருந்தாள். இல்லை, ஜெசிந்தா போட்டிருந்தாள். போன வருஷம் ஆகஸ்டு பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருவிழா, அன்றைக்குத்தான் முதல் முறை மேடைக்குச் செருப்போடு ஏறினாள், கறுப்பு நிறம், கட்டைக் குதி. இதென்ன புது ஸ்டைல், வயசு திரும்புதா என்று அவர் கிண்டல் பண்ணினார், பாய்கூடச் சிரிக்கவில்லை, ஏன் சிரிக்கவில்லை என்று அன்றைக்கு அவர் கேட்டுக்கொள்ளவில்லை. குதிகால் வலிங்க, வெறுங்கால்ல நிக்கக் கூடாதாம் என்றாள். அவர் நம்பினார். நம்பினது மட்டுமா, மறுநாளே போய்க் குதிகால் வலிக்கென்றே விற்கிற எம்.சி.ஆர். செருப்பு, மெத்து மெத்தென்று இருக்குமே, அதை வாங்கி வந்து காலடியில் வைத்தார், அவ்வளவு நல்ல புருஷன். அது கட்டிலுக்குக் கீழே இன்னும் புதுசாகக் கிடக்கிறது. குதிகால் வலிக்காரி மெத்துச் செருப்பை விட்டுவிட்டுக் கட்டைக் குதியை, அதுவும் கச்சேரி அன்றைக்கு மட்டும், எதற்குப் போடுகிறாள் என்று ஒரு நாள், ஒரு வருஷத்தில் ஒரே ஒரு நாள், கேட்கத் தோன்றவில்லையே அந்த மண்டைக்கு. நேற்றுச் சாயங்காலம் வேறு. அந்தக் கறுப்புச் செருப்பின் அடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாடிக் கைப்பிடிச் சுவரில், முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தாள். என்னடி இது செருப்பைப் போய் சோப்புப் போட்டு என்றதற்குத் தூசி என்றாள். தூசியில்லை. வீட்டுக்குள், மாதா படம் மாட்டின ஹாலுக்குள், செருப்புப் போட்டு நிற்கப் போகிறாள், அதற்காகக் கழுவியிருக்கிறாள். வாசற்படியில் பேரப்பிள்ளை செருப்போடு ஏறினால்கூடக் கத்துகிறவள். தரைச் சத்தம் பிடிக்காத மைக். காலுக்குக் கீழே பாய். மைக்குக்குக் கேட்கக் கூடாது, அவருக்குக் கேட்க வேண்டும். ஒரு வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் இருக்கிற சனங்களைப் பார்த்துச் சிரித்துப் பாடிக்கொண்டு, புடவைக்குக் கீழே குதிகாலால் அவரைப் பிடித்து வைத்திருக்கிறாள். மெழுகுவர்த்தியெல்லாம் யாருக்கோ எரிந்திருக்கிறது.

முதலில் வந்தது கோபம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும். மூன்று பேருக்கும் தெரியும். பாய் அவள் பக்கத்தில் நின்று வாசிக்கிறவர், காதில் விழாமல் இருக்குமா, தனபால் அதனால்தான் தலையைக் குனிந்துகொள்கிறான். இருபத்தொன்பது வருஷம் ஒரு குழுவுக்கே தாளம் போட்டவனை, ரிதம்ஸ் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு, நடை பழகுகிற பிள்ளையைப் போல ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடத்தியிருக்கிறார்கள். எழுந்து போய்விட வேண்டும், மைக்கும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், தனபால் ஓசூருக்குப் போகட்டும், டிரம்ஸைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுந்துபோகிற தன்னை அவர் கொஞ்ச தூரம், பேருந்து நிலையம் வரைக்கும், மனதில் பார்த்தார். அதற்கு மேல் போக முடியவில்லை, களைப்பாக இருந்தது. எவ்வளவு களைப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷமாக ஒளித்தது, இடுப்பில் ஸ்டிக் சொருகியது, கழுத்துப் பட்டியைக் கச்சேரிக்கு முன் கழற்றிப் பைக்குள் திணித்தது, சத்தமாகச் சரி சொன்னது, இன்றைக்கு இங்கே வந்து நல்ல சாமான்களுக்கு நடுவில் கெட்டதைத் தேடியது. அப்புறம் அவளுடைய களைப்பு ஞாபகம் வந்தது. ஒரு பாட்டுப் பாடுவதே ஒரு வேலை. வார்த்தை, மெட்டு, மூச்சு, மேல் ஸ்தாயி, இத்தனைக்கும் நடுவில் ஒரு காலை மட்டும் தனியாகக் கழற்றி இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டுப் பாடுவதென்றால். இரண்டரை மணி நேரக் கச்சேரி. அவள் குரல் இப்போதெல்லாம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, மேலே போகும்போது ஒரு தயக்கம் இருக்கிறது, வயசு என்று அவரே பாயிடம் சொல்லியிருக்கிறார், ஜெசிக்கு முன்ன மாதிரி வரல பாய் என்று, பெரிய மனுஷன் மாதிரி. பாய் கண்ணாடியைத் துடைத்தார். ஐயோ, பாய் எத்தனை தடவை கண்ணாடியைத் துடைத்திருப்பார். கச்சேரிக்கு மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதையும், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குதிகாலில் தைலம் தேய்ப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். அதையும் நடிப்பிலேயே சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா. அந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கம்பி வாங்கிய அம்மாள் படியிறங்கிப் போனாள், டக் டக் டக், சந்தில் கரைந்தது, ஹெட்போனில் மறுபடி மின்விசிறியின் திருகு.

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடி மேஜையில் வைத்தார்.

"வெள்ளியே போடுங்க. பாட்டுக்கு."

"அப்படிச் சொல்லுங்கண்ணே! டிரம்ஸுக்குக் கறுப்பு போதும்."

"இந்தப் பெட்டியில எத்தனை ஹெட்போன் மாட்டலாம்?"

"இதுல ஒண்ணுதான். ரெண்டு மாட்டுறதும் இருக்கு, உள்ள கெடக்கு, எடுக்கவா?"

"எடுங்க. ஹெட்போனும் ரெண்டாப் போட்ருங்க, டிரம்ஸுக்குன்னு தனியா ஒண்ணு. நீங்க சொன்ன அந்த டிக் டிக், அது பாடுறவங்க மைக்ல விழாதுல்ல?"

"நல்லாக் காத மூடுற ஹெட்போனாத் தர்றேன், ஒரு பொட்டுகூட வெளிய வராது." குணசேகரன் பெட்டியை இறக்கி வந்து வைத்துவிட்டு நின்றார். "ஆனா அந்த டிரம்மர் ஒத்துக்க மாட்டாருன்னீங்களே?"

"ஒத்துக்கிட்டாரு."

"எப்பண்ணே?"

"நாந்தாங்க அது" என்றார் சவரிமுத்து.

குணசேகரன் நல்ல மனுஷன், துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மைக்கை இன்னொரு முறை துடைத்தார். அப்புறம் ஹெட்போனை எடுத்து அதன் வளையத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, "பெரிசாக்கித் தர்றேன், கழுத்துல அழுத்தாது" என்றார். பட்டி போடாத கழுத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, ஒருத்தனைத் தவிர. கட்டி முடித்த இரண்டு அட்டைப் பெட்டிகளையும் வலது கையில் வாங்கிக்கொண்டு, படியிறங்கி, டீக்கடை ஓரமாக நிழலில் நின்று அவர் போனை எடுத்தார். என்ன சொல்வது என்று யோசித்தால் சொல்ல முடியாது, யோசிக்காமல் அழுத்தினார்.

"ஜெசி."

"கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டேன். மாடியில ஒன் செருப்பு காயுதுல்ல, அத எடுத்து உள்ள வச்சுரு. பாட்டு எடுக்குறன்னைக்கு அது வேணாம். விரிக்கிற பாயும் வேணாம். நீ வெறுங்கால்ல நில்லு, எப்பவும் போல."

போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. துறையூர் பஸ் கிளம்பிப் போனது. அவ்வளவு நேரம் கழித்து அவள் மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடும் என்கிற மாதிரி, "அப்ப உங்களுக்கு?" என்றாள்.

"காதுல மாட்டிக்க ஒண்ணு வாங்கிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. கறுப்பு மைக்காக இருந்தால் கேட்டிருக்காது.

"ஜெசி, குதிகால் நெசமாவே வலிக்குதா?"

"மொதல்ல வலிக்கல" என்றாள். "இப்ப வலிக்குது."

அவர் பெட்டிகளைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் பக்கத்தில் மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.